பங்கு வீட்டுக்காரர்

"மன்னிக்கணும் மேடம், இந்தக் கதவு வழியா விட முடியாது" என்று வாசல் காவலாளி மாரெக் மூன்றாவது முறையாகச் சொன்னான். மூன்று முறையும் மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

லொரைன் பென்ஃபோல்ட் கண்ணாடிக் கதவின் நிலையில் பாதி உள்ளேயும் பாதி மழையிலுமாக நின்றாள். அவளுக்குப் பின்னால், தெருவோரத்தில், மருத்துவமனை வண்டி நின்றிருந்தது. அதன் பின்சீட்டில் அவள் கணவன் கோலின் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, அடுத்த ஆளை ஏற்றப் போகவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

"ஒரே கட்டடம்தானே மாரெக். எங்க பக்கத்து லிஃப்ட் ஓடல. கோலினுக்கு இப்பத்தான் முட்டிய மாத்தியிருக்கு. அஞ்சு மாடி எப்படி ஏறுவான்?"

"எனக்குத் தெரியாதா மேடம். விட்டா என் வேலை போயிடும். மன்னிக்கணும்."

அப்போது ஆற்றங்கரை நடையை முடித்துக்கொண்டு ஒரு பழுப்பு நாய் தன் எஜமானியோடு வந்தது. லொரைன் ஒதுங்கி வழிவிட்டாள். நாய் பளிங்குத் தரையில் நின்று உடம்பைச் சிலுப்பியது. மாரெக் மேசைக்கடியிலிருந்து ஒரு துண்டை எடுத்து அதன் நான்கு கால்களையும் துடைத்துவிட்டான். நாய் லிஃப்டுக்குப் போயிற்று. அதற்கு அந்த உரிமை இருந்தது.

சாண்ட்லர்ஸ் ரீச் என்பது ஆற்றைப் பார்த்த பாதிக்கு மட்டும் பெயர். பின்பாதிக்கு டக் லேன், ஒன்பதாம் எண். அஸ்திவாரம் ஒன்று, செங்கல் ஒன்று, கூரை ஒன்று. வசதி குறைந்தவர்களுக்கும் சில வீடுகள் ஒதுக்கினால்தான் இத்தனை மாடி எழுப்பலாம் என்று நகராட்சி நிபந்தனை வைத்திருந்தது. கட்டியவர்கள் ஒதுக்கினார்கள். அவர்களுடைய வாசலைக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. சுவரின் வண்ணத்திலேயே அதற்கும் பூசி, பூட்டி வைத்திருந்தார்கள்.

பின்பாதியில் கீழ் மூன்று மாடி வாடகைக்காரர்களுக்கு. மேல் இரண்டு மாடி பங்கு வீடுகள். பென்ஃபோல்ட் தம்பதி தங்கள் வீட்டில் ஐந்தில் இரண்டு பங்கை வாங்கியிருந்தார்கள். மீதிக்கு, அதை வைத்திருந்த வீட்டுச் சங்கத்துக்கு வாடகை கட்டினார்கள். ஆனால் கொதிகலன் கெட்டால் முழுக் கொதிகலனும் அவர்களுடையது, சன்னல் உடைந்தால் முழுச் சன்னலும் அவர்களுடையது. கையில் காசு சேரச்சேர மீதிப் பங்கையும் வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் படியேறுவது என்று பெயர் என்று சங்கத்து ஆள் விற்கும்போது சொன்னான். கோலினுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்திருந்தது.

அவன் முப்பது வருஷம் அடுத்தவர் வீடுகளில் கம்பளம் விரித்தவன். தரைக்கம்பளத்தை மூலைக்கு இழுத்துப் பொருத்த முட்டியால் உதைக்கவேண்டும். உதைத்து உதைத்து முட்டி இரண்டும் போயிற்று. அப்படிப்பட்டவன் வீட்டுக்காரன் ஆனதும் முதல் காரியமாகச் செய்தது என்னவென்றால், டக் லேன் வாசல் தபால்பெட்டி வரிசையில் வாங்கியவர்களின் பெட்டிகளை வாடகைக்காரர்களின் பெட்டிகளிலிருந்து பிரித்து எதிர்ச்சுவரில் வைக்கச் சொல்லிச் சங்கத்துக்கு மனுக் கொடுத்தது. மேல் மாடிகளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். சங்கம் லிஃப்டைப் பழுது பார்க்க வரவில்லை. பெட்டிகளை மாற்ற ஒரே வாரத்தில் வந்தது.

ஓட்டுநர் கோலினை டக் லேன் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். கோலின் குப்பை அறையின் குட்டைச்சுவரில், காலை நீட்டி உட்கார்ந்தான்.

"நீ சரியாக் கேட்டிருக்க மாட்டே. நாம வாங்கினவங்கன்னு சொன்னியா?" என்றான்.

"சொல்லல."

"அதச் சொல்லாம வேற என்னத்தச் சொன்னே?"

லொரைன் ஊன்றுகோல்களை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். அவளுக்கு மௌனம் இயல்பு. முப்பது வருஷமாக அதைச் சம்மதம் என்றே எடுத்துப் பழகியிருந்தான் அவன்.

இரண்டாம் மாடி மார்ஷியா போகிள் கடைப்பையோடு தெரு முனையில் வந்துகொண்டிருந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து நெஞ்சில் இரைப்பு வாங்கிக்கொண்டவள். நின்று நின்றுதான் நடப்பாள். நின்ற இடத்திலெல்லாம் ஏதாவது பேசுவாள்.

"என்ன கோலின், வீட்டுக்காரரே மழையில உக்காந்திருக்கீங்க. வாடகை பாக்கியா?"

கோலின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லொரைன்தான் விஷயத்தைச் சொன்னாள். மார்ஷியா மேலே பார்த்து, "டெவன், உன் கூட்டாளியையும் கூட்டிக்கிட்டு ஒரு நாற்காலி எடுத்துட்டு வா" என்று ஒரு குரல் கொடுத்தாள். இரைப்புக்காரி குரலாக அது இல்லை.

அவள் மகன் டெவன் சாரம் கட்டும் வேலை செய்பவன். அவனுடைய நண்பனுக்கும் அதே வேலை. இருவரும் மார்ஷியாவின் சமையலறை நாற்காலியில் கோலினை உட்காரவைத்துத் தூக்கினார்கள். லொரைன் முன்னால் ஊன்றுகோல்களோடு ஏறினாள். மார்ஷியா பின்னாலிருந்து வழியனுப்பினாள்.

"கொஞ்சம் இருங்கப்பா. கோலின், உங்க அஞ்சு பங்குல எந்த ரெண்டு உங்களோடது, காலா தலையா? அத மட்டும் மேல கொண்டு போயிடறோம். மிச்சத்தச் சங்கத்துக்காரன் வந்து தூக்கட்டும்."

"அம்மா, சும்மா இரு. சிரிச்சா கை நழுவிடும்" என்றான் டெவன்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கி மூச்சு வாங்கினார்கள். மழைத் தண்ணீர் கோலினின் கோட்டிலிருந்து படியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டிலிருந்து தேங்காய்ப்பாலில் எதையோ வேகவைக்கும் வாசனை வந்தது. கோலின் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றி சொல்லவேண்டிய இடம் அது என்று லொரைனுக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துதான் இருக்கவேண்டும்.

ஐந்தாம் மாடியில், வீட்டுக்குள் இறக்கிவிட்டதும், கோலின் பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து டெவனிடம் நீட்டினான். கூலி கொடுத்துவிட்டால் கடன் இல்லை பாருங்கள்.

டெவன் நோட்டைப் பார்த்தான். கோபப்படவில்லை.

"வச்சுக்கங்க. மீதி மூணு பங்கு வாங்க உதவும்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கிப் போனான்.

லிஃப்ட் ஓடவே இல்லை. சங்கம் பராமரிப்பு நிறுவனத்தைக் கைகாட்டியது. நிறுவனம் நிலத்தின் சொந்தக்காரரைக் கைகாட்டியது. கோலின் முட்டிக்குப் பயிற்சி எடுக்க மருத்துவமனைக்கு வாராவாரம் போயாகவேண்டும். போகாவிட்டால் கால் மடங்காமலே நின்றுவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். மறுபடி நாற்காலியில் ஏறமாட்டேன் என்று அவன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டான். அதனால் லொரைன் முன்பாதிக் குடியிருப்போர் குழுவின் தலைவி பிலிப்பா தார்னிகிராஃப்டைப் பார்க்கப் போனாள்.

பிலிப்பாவின் ஒட்டகநிறக் கோட்டை லொரைனுக்கு நன்றாகத் தெரியும். ரயில் நிலையத்தருகே உலர்சலவைக் கடையில்தான் அவள் வேலை. அந்தக் கோட்டைப் பலமுறை வாங்கிச் சீட்டுக் குத்தியிருக்கிறாள். கோட்டின் சொந்தக்காரிக்குத்தான் அவளைக் கடையில் பார்த்த நினைவே இல்லை.

"வாங்க லொரைன், உட்காருங்க டியர். நீங்க வந்து கேட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றாள் பிலிப்பா. பழுப்பு நாய் அவள் காலடியில் படுத்திருந்தது. தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது. "உண்மையச் சொல்லணும்னா, இந்த ரெண்டு வாசல் ஏற்பாடு எங்கள்ல யாருக்குமே பிடிக்கல. ரொம்ப அசிங்கம். எத்தனையோ நாள் வருத்தப்பட்டிருக்கேன்."

"அப்ப நடுக்கதவத் திறந்து விட்டுடலாமே" என்றாள் லொரைன்.

பிலிப்பா தேநீரைக் கலக்கினாள். அதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை.

"அதுதான் சிக்கல். ஒரு தடவ திறந்தா அப்புறம் மூட முடியாது. ஆனா உங்கள மாதிரி வாங்கினவங்களப் பத்தி எங்களுக்குக் கவலையே கிடையாது. நீங்க ஒரு வகையில நம்ம ஆளுங்க. கீழ இருக்கறவங்க நல்லவங்கதான், நான் இல்லங்கல. ஆனா வாடகைக்கு வந்தவங்களுக்கு இடத்து மேல ஒரு ஒட்டுதல் இருக்காது, இல்லையா?"

மார்ஷியா பிறந்ததே டக் லேனில்தான். இந்தக் கட்டடத்துக்காக இடித்துத் தள்ளிய பழைய குடியிருப்பில். பிலிப்பா இங்கே வந்து மூன்று கோடை ஆகிறது. லொரைன், கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்தாள்.

பிலிப்பா ஏற்பாட்டைச் சொன்னாள். பங்கு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் முன்வாசலையும் அவரவர் மாடி நடுக்கதவையும் திறக்கும் மின்சாவி வில்லை தருவார்கள், வீட்டுக்கு இரண்டு. வாடகைக்காரர் யாரையும் அதைக்கொண்டு உள்ளே அழைத்து வரமாட்டோம் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். மீறினால் வில்லை செல்லாது.

"ஒரு சின்ன விஷயம்தான்" என்றாள். "உங்களுக்கே புரியும்."

லொரைன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள். கோலின் யோசிக்கவில்லை.

"நம்ம ஆளுங்கன்னா சொன்னா? அந்த வார்த்தையவா சொன்னா?" என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டான். "பாத்தியா, வாங்கினவனுக்கும் வாடகைக்காரனுக்கும் வித்தியாசம் தெரியுது அவங்களுக்கு."

"உன்னத் தூக்கிட்டு வந்தது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"காசு குடுத்தேனே, வாங்கலேன்னா நான் என்ன பண்ண?"

இருவருக்குமாக அவனே சம்மதம் சொன்னான். வில்லைகள் மறுநாளே வந்தன. கோலின் கோட்டுப் போட்டு, ஊன்றுகோல்களைத் துடைத்து, நடுக்கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போனான். நெடுநேரம் ஆகியும் திரும்பாததால் லொரைன் எட்டிப் பார்த்தாள். அவன் அந்த நடைபாதையில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தான்.

"நல்ல கம்பளி. கால் வைக்கும்போதே தெரியுது" என்றான். "ஆனா தையல் சரியில்ல. நான் போட்டிருந்தா இணைப்பு கண்ணுக்கே தெரியாது."

அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. செருப்பை வாசலில் விடாமல் உள்ளே வர அனுமதி கிடைத்தவனின் சந்தோஷம் அது.

லொரைனும் சில நாள் முன்வாசல் வழியாகப் போய்வந்தாள். கடையில் நாளெல்லாம் நின்ற கால்களுக்கு லிஃப்ட் சுகமாகத்தான் இருந்தது. அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் மாரெக் எழுந்து கதவைத் திறந்து வணக்கம் சொல்லும்போதெல்லாம் எதையோ திருடிக்கொண்டு போகிறவள்போலக் கழுத்துக் கூசியது. டக் லேனில் மார்ஷியாவைத் தூரத்தில் கண்டால் எதிர்ப்புறம் கடந்து போனாள். ஒருநாள் அப்படிக் கடந்துவிட்டு, கடந்ததை உணர்ந்து, நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சைக்கிள்காரன் ஒருவன் திட்டிவிட்டுப் போனான்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பனி இறங்கிய சாயங்காலம், டக் லேன் வாசலில் மார்ஷியா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கடைப்பை. உதடுகள் வெளுத்திருந்தன. பேச்சு இல்லை. அதுதான் லொரைனைப் பயமுறுத்தியது.

"டெவன் எங்க?"

"வேலைக்கு. ராத்திரி ஆகும்." மார்ஷியா மூச்சைத் தேடி எடுத்தாள். "நீ போ. உனக்குத்தான் லிஃப்ட் இருக்கே. நான் இங்கயே கொஞ்சம் உக்காந்திருந்தா சரியாயிடும்."

லொரைன் அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

"எழுந்திரு."

"எங்க?"

"வீட்டுக்குத்தான்."

இருவரும் கட்டடத்தைச் சுற்றி மெல்ல நடந்து முன்வாசலுக்கு வந்தார்கள். லொரைன் வில்லையை வைத்தாள். கதவு திறந்தது. மாரெக் நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து மேசைக்கடியில் எதையோ தேடத் தொடங்கினான். அவர்கள் லிஃப்டுக்குள் போகும்வரை அவனுக்கு அது கிடைக்கவில்லை.

கதவு மூடும் நேரத்தில் ஒட்டகநிறக் கோட்டும் பழுப்பு நாயும் உள்ளே வந்தன.

"லொரைன். எப்படி இருக்கீங்க டியர்?" பிலிப்பாவின் கண் கடைப்பைக்குப் போய், மார்ஷியாவுக்குப் போய், திரும்பி வந்தது. "இவங்க உங்க விருந்தாளியா?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். பிலிப்பாவே அந்தச் சொல்லை எடுத்துக் கையில் கொடுத்திருந்தாள். அதைச் சொன்னால் கோலினுக்கு மருத்துவமனை உண்டு, கால் மடங்கும், கம்பளத்தில் நடக்கலாம். லொரைன் லிஃப்டின் கண்ணாடியில் மூன்று பெண்களையும் ஒரு நாயையும் பார்த்தாள்.

"இல்ல. மார்ஷியா. டக் லேன், ரெண்டாம் மாடி. வாடகைக்கு இருக்காங்க."

"ஓ" என்றாள் பிலிப்பா. "சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்."

"எனக்கும்தான்" என்றாள் மார்ஷியா. லிஃப்டில் நின்றதில் மூச்சு கொஞ்சம் திரும்பியிருந்தது. "இந்த லிஃப்ட் போற இடத்துலதான் எங்கம்மா சமையக்கட்டு இருந்துச்சு. மீன் பொரிச்சா தெரு முனை வரைக்கும் வாசன வரும். இப்ப என்னமோ பூ வாசனையால்ல அடிக்குது."

பிலிப்பா புன்னகைத்தாள். நான்காம் மாடி வரும்வரை அந்தப் புன்னகை அப்படியே இருந்தது.

ஐந்தாம் மாடியில் இறங்கி, கம்பளத்தில் நடந்து, நடுக்கதவைத் தாண்டி, மறுபடி மூன்று மாடி படி இறங்கினார்கள். "ரெண்டாம் மாடிக்குப் போறதுக்கு அஞ்சாம் மாடி ஏறி இறங்கற கூத்து எந்த ஊர்ல நடக்கும்" என்றாள் மார்ஷியா. இறங்குவது அவளுக்குச் சிரமமாக இல்லை. தன் வீட்டு வாசலில் நின்று லொரைனின் கையைப் பிடித்தாள். "இது தேவையா உனக்கு? அந்த ஆளு குதிப்பாரே."

"குதிக்க முட்டி இல்ல" என்றாள் லொரைன்.

காலையில் இரண்டு வில்லைகளும் செத்துக் கிடந்தன. கோலின் நடுக்கதவில் வைத்துப் பார்த்தான், துடைத்து வைத்துப் பார்த்தான், பிறகு விஷயம் தெரிந்தது. கத்தினான். என் கால் முக்கியமா, அவ நெஞ்சு முக்கியமா என்று கேட்டான். அது நியாயமான கேள்விதான், லொரைன் ஒத்துக்கொண்டாள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டிய நிலைக்கு இருவரையும் கொண்டுவந்தவர்கள் மேல் அவனுக்குக் கோபமே வரவில்லையே என்றுதான் ஆச்சரியப்பட்டாள்.

கொஞ்ச நேரத்தில் படுக்கையறையிலிருந்து அவன் தொலைபேசியில் பேசுவது கேட்டது. கம்பளம் விரிக்கப் போன வீடுகளில் பேசும் குரல் அது.

"மன்னிக்கணும் மேடம். ஆமா மேடம். எனக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அவ ஒரு நிலையில இல்ல. ராத்திரி தூக்கம் கிடையாது. யார என்னன்னு புரியாம செஞ்சுட்டா. ரொம்ப இரக்க சுபாவம், அதான் சிக்கல். இல்ல மேடம், இனிமே நடக்காது. நான் பொறுப்பு."

லொரைன் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

ஒரு வில்லை திரும்பி வந்தது. கோலினின் பெயரில், கோலினுக்கு மட்டும்.

"உனக்கும் கேட்டுப் பாத்தேன். கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னாங்க" என்றான்.

"எனக்கு வேண்டாம்."

"சும்மா வீம்பு பண்ணாதே."

"எனக்கு வேண்டாம் கோலின். நான் அந்த வழியா வரமாட்டேன்."

அன்றிலிருந்து அவர்கள் ஒரே வீட்டிலிருந்து இரண்டு வாசல் வழியாகப் புறப்பட்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் அவன் நடுக்கதவைத் தாண்டி லிஃப்டில் இறங்குவான். அவள் படியில் இறங்கித் தெருமுனையில் காத்திருப்பாள். பேருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போவார்கள். திரும்பும்போது முனைவரை சேர்ந்து வந்து பிரிவார்கள். வீட்டுக்குள் மறுபடி சந்தித்துச் சாப்பிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கலாம். முன்பாதிக்காரர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. அவரவர் வாசலில் அவரவர் போகிறார்கள், இதில் என்ன.

கோலினின் முட்டி மடங்கத் தொடங்கியது. ஊன்றுகோல் இரண்டு ஒன்றாயிற்று. ஒருநாள் மருத்துவமனையிலிருந்து வரும்போது, முனைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் இருக்கையில், அவன் நடையை மெதுவாக்கினான்.

"லொரைன், நீ கொஞ்சம் பின்னாடி வாயேன்."

"ஏன்?"

"பிலிப்பா இந்த நேரம் நாயோட வருவா. சேர்ந்து பாத்தா உன் விஷயம் ஞாபகம் வரும். இன்னும் ஆறல அவளுக்கு. மத்தபடி ஒண்ணுமில்ல."

லொரைன் நின்றாள். மூடிக்கிடந்த ஒரு கடையின் சன்னலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். அவன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு போனான். மாரெக் கதவைத் திறப்பதும், அவன் ஒரு கையை உயர்த்திப் பெரிய மனிதனைப்போல ஏதோ சொல்வதும் தெரிந்தது. முப்பது வருஷம். ஒரு நாள்கூட அவன் அவளைப் பின்னால் வரச் சொன்னதில்லை.

அவள் டக் லேன் வாசல் வழியாக ஏறினாள். இரண்டாம் மாடியில் கதவு திறந்திருந்தது. இஞ்சி கொதிக்கும் மணம் வந்தது.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? உள்ள வா, டீ இருக்கு" என்றாள் மார்ஷியா.

லொரைன் உள்ளே போய், அன்று கோலினைச் சுமந்த அதே நாற்காலியாக இருக்குமோ என்று யோசிக்காமல், முதலில் கண்ட இடத்தில் உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டீ சூடாக இருந்தது. மார்ஷியா ஒன்றும் கேட்கவில்லை. அவளாலும் பேசாமல் இருக்கமுடியும் என்று லொரைனுக்கு இப்போதுதான் தெரிந்தது. வானொலி தணிந்து பாடிக்கொண்டிருந்தது.

சிறிது நேரத்தில் மேலே ஐந்தாம் மாடியில் நடுக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஊன்றுகோல் வந்தது. நின்றது. பூட்டிய வீட்டின் கதவுப் பிடியை யாரோ திருகிப் பார்த்தார்கள்.

"லொரைன்."

தணிந்த குரல். நடுக்கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருந்தது.

மார்ஷியா கூரையைப் பார்த்தாள். "உன் ஆளு கூப்பிடறாரு."

"கேக்குது."

"சாவி?"

"எங்கிட்டதான் இருக்கு. அவன் எப்பவும் எடுத்துக்கறதில்ல. நான் கூட இருப்பேன்னு."

ஊன்றுகோல் இரண்டு எட்டு வைத்தது. மறுபடியும் பெயர், இன்னும் தணிவாக. படிக்கட்டின் வெற்றுச் சிமெண்டில் இறங்கி வந்து அந்தக் குரல் மார்ஷியாவின் வாசலில் நின்றது.

மார்ஷியா சிரிப்பாள் என்று லொரைன் எதிர்பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. டீப்பாத்திரத்தைக் கையில் எடுத்து, இன்னும் வேண்டுமா என்று கேட்பதுபோல உயர்த்தினாள்.

லொரைன் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கோப்பையை நீட்டினாள்.